பழ ஈப் புழுவின் மோப்பத்தை அளப்பது எப்படி

பழ ஈயின் புழுவுக்குத் தலையில் பக்கத்துக்கு 21 வாசனை நரம்பு செல்கள். மொத்தமே அவ்வளவுதான். ஒவ்வொரு செல்லும் மூளையில் தனக்கென்று இருக்கும் ஒரு சிறு உருண்டையில் போய் முடிகிறது. அந்த உருண்டைக்குக் குளோமெருலஸ் என்று பெயர். காலும் இல்லை, பார்வையும் வெளிச்சம் இருட்டு அறியும் அளவோடு சரி. இந்தப் புழு கனிந்த பழத்தைத் தேடிப் போவது அந்த இருபத்தொன்றை நம்பித்தான். வளரும் மூளை வாசனைக்கான பாதையை எப்படி அமைத்துக்கொள்கிறது என்று பார்க்க இவ்வளவு எளிய உயிர் கிடைப்பது அரிது.

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திக்கியின் மாணவியாக இருந்த வெரோனிகா ரோட்ரிக்ஸ் 1970-களில் இந்த வழியில் இறங்கினார். வாசனைக்குச் சரியாக அசையாத திரிபு ஈக்களை, அதாவது மரபணு மாறிய ஈக்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் வழியே மோப்பத்துக்கான மரபணுக்களை அடையாளம் காண்பது அவர்கள் திட்டம். இருவரும் எழுதிய கட்டுரை 1978-இல் வந்தது. லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் வாசனை ஏற்பி (வாசனை மூலக்கூறைப் பற்றும் புரதம்) மரபணுக்களை அறிவித்தது 1991-இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த முயற்சியின் அருமை புரியும். பின்னர் ரோட்ரிக்ஸ் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும் உணர்கொம்பும் மூளையும் உருவாகும் விதத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தார், 2010-இல் மறைந்தார்.

அந்தக் காலத்து முறையின் சாரம் இன்றும் மாறவில்லை. அகார் என்னும் கூழ்ப்பொருள் ஊற்றிய தட்டு, ஒரு பக்கம் வாசனை, மறுபக்கம் வெறுமை, நடுவில் புழுக்கள், சில நிமிடம் கழித்து எண்ணிக்கை. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஆனால் கவனம் தவறினால் மோப்பத்தை அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வேறு எதையோ அளந்துகொண்டிருப்போம். பழ ஈ வளர்க்கும் வசதியுள்ள எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் இதைச் செய்யலாம்.

ஒரே வயதுப் புழுக்கள்

சோதனை தட்டில் தொடங்குவதில்லை, நான்கு நாள் முன்னதாக முட்டையில் தொடங்குகிறது. ஒரு லிட்டர் ஈ உணவுக்குச் சோள மாவு 80 கிராம், சர்க்கரை 40 கிராம், குளுக்கோஸ் 20 கிராம், ஈஸ்ட் 15 கிராம், அகார் 8 கிராம் போட்டுக் காய்ச்சலாம். பூஞ்சை வராமலிருக்க 4 மி.லி. புரொப்பியோனிக் அமிலம் சேர்க்க வேண்டும். அதைக் கொதிக்கும்போது ஊற்றினால் ஆவியாகப் போய்விடும். 60 டிகிரிக்கு ஆறிய பிறகே சேர்த்துக் கலக்குங்கள்.

நன்கு தின்ற, மூன்று முதல் ஏழு நாள் வயதுள்ள ஈக்களைப் புதுப் புட்டியில் விட்டு நான்கு மணி நேரம் மட்டும் முட்டையிட விடுங்கள். பிறகு ஈக்களை எடுத்துவிட்டு, புட்டியை 25 டிகிரியில் வையுங்கள். ஒரு நாளில் முட்டை பொரியும். முதல் பருவம் ஒரு நாள், இரண்டாம் பருவம் ஒரு நாள், மூன்றாம் பருவம் ஏறத்தாழ இரண்டு நாள். நமக்கு வேண்டியது மூன்றாம் பருவத்தில் இன்னும் உணவுக்குள் இருந்து தின்றுகொண்டிருக்கும் புழு. முட்டையிட்டு 84 முதல் 96 மணி நேரம் ஆனது.

இதில்தான் முதல் தவறு நடக்கும். புட்டியின் சுவரில் ஏறி நிற்கும் பெரிய புழுக்கள் கைக்கு எளிதாகக் கிடைக்கின்றன என்று அவற்றை எடுத்துவிடுவார்கள். அவை தின்பதை நிறுத்திவிட்டுக் கூடு கட்ட இடம் தேடுபவை. உணவின் வாசனை மீது அவற்றுக்கு அதே நாட்டம் இருக்காது. அவற்றைத் தின்னும் புழுக்களோடு கலந்து ஓட்டினால் எண்கள் தட்டுக்குத் தட்டு தாறுமாறாக வரும், காரணமும் பிடிபடாது.

நெரிசலும் கெடுதிதான். புட்டியில் முட்டை மிகுந்தால் உணவு போதாமல் புழுக்கள் சிறுத்து, வளர்ச்சியும் பின்தங்கும். திரிபு ஈக்களையும் இயல்பான ஈக்களையும் ஒப்பிடும்போது இரண்டு புட்டியிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் முட்டை இருக்குமாறு பாருங்கள். திரிபு வகை குறைவாக முட்டையிடும் என்றால் அதில் தாய் ஈக்களைக் கூடுதலாக விட வேண்டும், முட்டையிடும் நேரத்தை நீட்டக் கூடாது. நேரத்தை நீட்டினால் வயது கலந்துவிடும்.

தட்டு

90 மி.மீ. பெட்ரி தட்டு, 1 சதவீத அகாரோஸ், தட்டுக்கு 15 மி.லி. இருபது தட்டுக்கு 300 மி.லி. நீரில் 3 கிராம். அகாரும் போதும், அதன் சுத்திகரித்த வடிவமான அகாரோஸில் வேறு வாசனை குறைவு என்பதால் அதைச் சொல்கிறோம். உப்போ சர்க்கரையோ சேர்க்க வேண்டாம். சுவை வந்து குறுக்கிடும்.

தட்டை அன்றே ஊற்றி, அன்றே பயன்படுத்துவது நல்லது. மூடியின் உட்புறம் நீர் கோத்திருந்தால் துடைத்துவிடுங்கள். மேற்பரப்பில் நீர் நின்றால் புழு அதில் மாட்டிக்கொண்டு நகராது. காய்ந்து போனால் புழு சுவரேறி மூடிக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். விரலின் பின்புறத்தால் தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது.

தட்டின் அடியில் குறுக்கே 1 செ.மீ. அகலத்துக்கு ஒரு நடுப்பட்டையைப் பேனாவால் வரையுங்கள். பேனா மைக்கும் வாசனை உண்டு. எனவே முந்தின நாளே வரைந்து காய விடுங்கள், அல்லது கோடு போட்ட தாளைத் தட்டுக்குக் கீழே வையுங்கள்.

வாசனை

தொடக்கத்துக்கு எத்தில் அசிடேட் ஏற்றது. பழம் கனியும்போதும் நொதிக்கும்போதும் வருகிற மணங்களில் ஒன்று. புழுக்கள் அதை நன்றாக நாடும். பாரஃபின் எண்ணெயில் கரைத்து நீர்க்கச் செய்ய வேண்டும்.

100 மைக்ரோலிட்டர் எத்தில் அசிடேட்டை 900 மைக்ரோலிட்டர் எண்ணெயில் கலந்தால் பத்தில் ஒன்று. அதிலிருந்து 100 எடுத்து இன்னொரு 900-இல் கலந்தால் நூற்றில் ஒன்று. இப்படியே பத்தாயிரத்தில் ஒன்றுவரை போங்கள். இதில் இரண்டு சங்கடங்கள். எத்தில் அசிடேட் வேகமாக ஆவியாகும்; பிப்பெட் முனைக்குள் ஆவி நிறைந்து, திரவத்தைத் தானாகச் சொட்ட வைக்கும். முனையை இரண்டு மூன்று முறை அதே திரவத்தால் உறிஞ்சி விட்டுப் பிறகு அளந்தால் சொட்டாது. எண்ணெய் அதற்கு நேர்மாறு: பிசுபிசுப்பு. மெதுவாக உறிஞ்சி, ஓரிரு நொடி காத்திருந்து, மெதுவாக விடுங்கள். அவசரப்பட்டால் முனையின் உட்சுவரில் ஒட்டியது உள்ளேயே தங்கிவிடும், நீங்கள் எழுதிவைத்த செறிவு பொய்யாகிவிடும். ஒவ்வொரு படியிலும் அரை நிமிடமாவது நன்றாகக் கலக்குங்கள்.

கண்ணாடிக் குப்பியில்தான் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். அது மட்டுமல்ல, நீர்க்காத எத்தில் அசிடேட் பாலிஸ்டைரீன் பெட்ரி தட்டையே கரைத்துவிடும். துளி விழுந்த இடம் வெள்ளையாகக் குழைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தக் குழைவிலிருந்து வரும் நெடியும் புழுவுக்கு ஒரு வாசனைதான். எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் கலக்கும் இடத்தில் சுடர் எதுவும் இருக்கக் கூடாது.

வடிதாளில் 5 மி.மீ. வட்டங்கள் வெட்டிக்கொள்ளுங்கள். வட்டத்தை நேராக அகார் மேல் வைக்காமல், சிறு குழாயின் வெட்டிய மூடி போன்ற ஒரு கிண்ணத்தில் வையுங்கள். அகார் மேல் வைத்தால் வாசனைப் பொருள் அகாருக்குள் ஊறி, புழு அதை நாவால் அறியத் தொடங்கும். அப்புறம் அது மோப்பச் சோதனை அல்ல.

கழுவுதல்

உணவோடு சேர்த்துப் புழுக்களைக் கரண்டியால் அள்ளி, 15 சதவீத சர்க்கரைக் கரைசலில் போடுங்கள். புழுக்கள் மேலே மிதக்கும், மாவுக் கசடு கீழே படியும். மிதப்பதை வலையில் வடித்து, மூன்று முறை சுத்தமான நீரில் அலசுங்கள். மூன்று என்பது குறைந்தபட்சம். உடலில் ஈஸ்ட் ஒட்டியிருக்கும் புழு தன் உணவின் வாசனையைத் தானே சுமந்துகொண்டு போகிறது. பக்கத்துப் புழுவுக்கு அதுவே வாசனை மூலம். நடுவிலேயே கும்பலாகச் சுருண்டு கிடக்கும் புழுக்களைக் கண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கழுவலைத்தான்.

சர்க்கரைக் கரைசலில் பத்து நிமிடத்துக்கு மேல் விட வேண்டாம். அலசியபின் ஈரமான அகார் தட்டில் பத்து நிமிடம் சும்மா ஊர விடுங்கள். மூழ்கிக் கிடந்த சோர்வு தெளிந்து அவை நடமாடத் தொடங்கிய பிறகே சோதனைக்கு எடுங்கள்.

ஓட்டம்

அறை 25 டிகிரி. புழு வெளிச்சத்தை வெறுக்கும். ஒரு பக்கம் ஜன்னல் இருந்தால் எல்லாம் எதிர்ப்பக்கம் ஓடும். எனவே இருட்டிலோ மங்கிய சிவப்பு விளக்கிலோ செய்யுங்கள். மணம் பூசிய கைகளோடு தட்டுகளைத் தொட வேண்டாம்.

மென்மையான தூரிகையால் ஏறத்தாழ 50 புழுக்களை நடுப்பட்டையில் வையுங்கள். ஒட்டிய நீரை வடிதாள் முனையால் உறிஞ்சிவிடுங்கள். ஒரு கிண்ணத்தில் 10 மைக்ரோலிட்டர் வாசனைக் கரைசல், எதிர்க் கிண்ணத்தில் 10 மைக்ரோலிட்டர் வெறும் எண்ணெய். மூடி, கடிகாரத்தை ஓட விடுங்கள்: 5 நிமிடம்.

முதல் தட்டை எண்ணாமல் வெறுமனே உட்கார்ந்து பாருங்கள் என்பது எங்கள் பரிந்துரை. பொறுமைக்குப் பலன் உண்டு. புழு நேராக ஊர்ந்து போகும். மணம் கூடிக்கொண்டே போனால் நிற்காமல் போகும். குறையத் தொடங்கியதும் நிற்கும். தலையை மட்டும் தூக்கி இடப்பக்கம் ஒரு வீச்சு, வலப்பக்கம் ஒரு வீச்சு. மணம் மிகுந்த பக்கம் எதுவோ அந்தப் பக்கம் உடலைத் திருப்பி மறுபடி ஊரும். இருபத்தொரு செல் கொண்ட மூக்கு திசையைக் கண்டுபிடிக்கும் கணக்கு அந்தத் தலை வீச்சில் நம் கண்ணெதிரே நடக்கிறது. இதை ஒருமுறை பார்த்துவிட்டால், பின்னால் ஒரு திரிபுப் புழு ஏன் தோற்கிறது என்று எண்ணுக்கு முன்பே கண்ணுக்குப் பிடிபடும்: நிற்காமல் கண்டபடி ஓடுகிறதா, நின்று வீசியும் தவறான பக்கம் திரும்புகிறதா, நகரவே இல்லையா.

புழுவின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1 மி.மீ. கிண்ணத்துக்கு 3.5 செ.மீ. என்றால் வளைந்து நெளிந்து போனாலும் ஐந்து நிமிடம் தாராளம். பத்து, பதினைந்து நிமிடம் விட்டால் இன்னும் தெளிவாக வரும் என்று தோன்றும், வராது. மூடிய தட்டுக்குள் ஆவி பரவி இரு பக்கமும் சமமாகிவிடும், புழுவும் அந்த மணத்துக்குப் பழகிவிடும். தொடக்கத்தில் 0.7 மதிப்பு (கணக்கிடும் விதம் கீழே) காட்டிய தட்டு வர வர இறங்கிக்கொண்டே போனால் காரணம் இதுதான்.

அடுத்தடுத்த தட்டில் வாசனைப் பக்கத்தை மாற்றி மாற்றி வையுங்கள். ஒவ்வொரு நாளும் இரு பக்கமும் வெறும் எண்ணெய் வைத்த இரண்டு தட்டுகளை ஓட்டுங்கள். அவை பூஜ்யத்தை ஒட்டி வராவிட்டால் அன்றைய எண்கள் எதையும் நம்ப வேண்டாம். வெளிச்சமோ மேசைச் சரிவோ வெப்பமோ ஒருபக்கமாக இழுக்கிறது.

எண்ணுதல்

வாசனைப் பக்கத்தில் இருப்பவை, எதிர்ப்பக்கத்தில் இருப்பவை, நடுப்பட்டையில் தங்கியவை, மூடியில் ஏறியவை என்று நான்கையும் தனித்தனியாகக் குறியுங்கள். எண்ணுபவருக்கு எந்தத் தட்டு எந்த வகை என்று தெரியக் கூடாது.

வாசனைப் பக்கம் 34, எதிர்ப்பக்கம் 6, நடுவில் 10 என்று வைத்துக்கொள்வோம். வேறுபாட்டை இரு பக்கக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 28/40, அதாவது 0.70. மொத்தப் புழுக்களால் வகுத்தால் 28/50, அதாவது 0.56. இரண்டும் புழக்கத்தில் உள்ளவை, இரண்டுக்கும் பொருள் வேறு. முதலாவது, நகர்ந்த புழுக்கள் எதைத் தேர்ந்தன என்று சொல்கிறது. இரண்டாவதில் நகராத புழுக்களின் சோம்பலும் கலந்திருக்கிறது. எதைப் பயன்படுத்தினாலும் அதைத் தெளிவாக எழுதி, நடுவில் தங்கியவற்றின் எண்ணிக்கையையும் கூடவே கொடுங்கள்.

கணக்கில் ஒரு அலகு என்பது ஒரு தட்டு, ஒரு புழு அல்ல. பத்து தட்டில் 500 புழு ஓட்டியிருந்தால் உங்கள் கையில் இருப்பது பத்து அளவீடுகள். ஒரே தட்டுக்குள் இருக்கும் புழுக்கள் ஒன்றையொன்று பாதிக்கின்றன. வகைக்கு 10 தட்டாவது, குறைந்தது மூன்று நாட்களில் பிரித்து ஓட்டுங்கள்.

மதிப்பு குறைந்தால் என்ன பொருள்?

திரிபுப் புழு 0.1 காட்டுகிறது. உடனே அதற்கு மோப்பம் இல்லை என்று எழுதிவிடத் தோன்றும். அதற்கு முன் மூன்று கேள்விகள்.

ஒழுங்காக ஊர்கிறதா? வெறும் அகாரில் பத்துப் புழுக்களை ஒவ்வொன்றாக விட்டு, ஒரு நிமிடத்தில் போன தூரத்தை அளந்து, இயல்பான வகையோடு ஒப்பிடுங்கள். தசை பலவீனமான புழுவின் மூக்கு நன்றாகவே இருக்கலாம்.

எல்லாச் செறிவிலும் தோற்கிறதா? எத்தில் அசிடேட்டை மிகக் குறைந்த செறிவில் உணர்வது ஓஆர்42பி ஏற்பி கொண்ட செல். செறிவு கூடும்போது ஓஆர்42ஏ செல்லும் சேர்ந்துகொள்கிறது. முதல் செல் மட்டும் பழுதானால் பத்தாயிரத்தில் ஒன்றில் தோற்று, நூற்றில் ஒன்றில் இயல்பாக ஓடும். ஒரே செறிவை மட்டும் சோதித்தவர் ஒன்று பழுதைத் தவறவிடுவார், இல்லையேல் மிகைப்படுத்திச் சொல்வார். பத்தில் ஒன்றில் தொடங்கி நான்கு செறிவுகளை ஓட்டி வளைகோடு வரைவது வேலைதான், ஆனால் அதைத் தவிர்க்க வழியில்லை.

வேறு வாசனைக்கும் தோற்கிறதா? ஐசோ அமைல் அசிடேட், 1-ஆக்டனால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் தோற்றால் பொதுவான பழுது. ஒன்றில் மட்டும் என்றால் ஏற்பியையோ ஒரு குறிப்பிட்ட நரம்பு செல்லையோ சந்தேகிக்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க மோப்பம் அற்ற புழுவும் கையில் இருக்க வேண்டும். ஆர்கோ மரபணு இழந்த வகை அதற்கு ஏற்றது. வாசனை ஏற்பிகள் வேலை செய்ய ஆர்கோ துணைப் புரதம் தேவை என்பது 2004-இல் தெரியவந்தது. அது இல்லாத புழு இந்த மணங்களுக்குத் திரும்புவதில்லை. உங்கள் தட்டில் ஆர்கோ இழந்த புழு 0.3 காட்டினால் அது மோப்பமல்ல. சுவையோ வெளிச்சமோ எங்கிருந்தோ கசிகிறது.

எந்த நாளில் பழுது?

மூளை வளர்ச்சியோடு இந்தச் சோதனையை இணைக்க விரும்புவோர் ஒன்றை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்: புழுவின் மூக்கு வேறு, ஈயின் மூக்கு வேறு. கூட்டுக்குள் புழுவின் வாசனை செல்கள் அழிந்து, ஈயின் உணர்கொம்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய செல்கள் பிறக்கின்றன. மூளையில் ஏறத்தாழ 50 குளோமெருலஸ்கள் புதிதாக அமைகின்றன. புழுவில் இயல்பான மதிப்பு வந்துவிட்டது என்பதால் ஈயிலும் எல்லாம் சரி என்று சொல்ல முடியாது. எதிர்மாறாகவும் அப்படியே.

உணர்கொம்பில் வாசனை உணரும் எந்த முடி எந்த வகையாக உருவாகும் என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்களை ரோட்ரிக்ஸும் அவருடன் உழைத்தோரும் ஆராய்ந்தார்கள். குழிக்குள் அமர்ந்த சிறு முடிகளுக்கு அட்டோனல் மரபணு தேவை என்பதும், மற்ற வகைகளில் லோசெஞ்ச் மரபணுவின் பங்கும் 1990-களின் பிற்பகுதியில் அவர்கள் காட்டியவை. கூடு கட்டிய முதல் சில மணி நேரங்களில் இந்தத் தேர்வு நடக்கிறது. 25 டிகிரியில் ஏறத்தாழ ஒரு நாள் ஆகும்போது புதிய நரம்பிழைகள் மூளையைத் தொடுகின்றன. இரண்டு நாளில் குளோமெருலஸ்கள் உருண்டைகளாகப் பிரிந்து தெரிகின்றன.

எனவே கூட்டின் வயதை மணிக்கணக்கில் பிடிக்க வேண்டும். அதற்கு வெள்ளைக் கூட்டைத் தேடுங்கள்: அசைவு நின்று, உடல் குறுகி, தோல் இன்னும் நிறம் மாறாத நிலை. ஒரு மணி நேரத்துக்குள் அது பழுப்பாகிவிடும். அதையே பூஜ்யம் மணி என்று வைத்து, ஈரத் தூரிகையால் எடுத்து, நேரம் எழுதிய தனிக் குழாயில் நனைந்த தாள்மேல் வையுங்கள்.

ஒரு மரபணுவைக் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் இயக்க அல்லது அடக்க, கால்-4 (Gal4) என்னும் மரபணு இயக்கியோடு, அதைத் தடுக்கும், வெப்பத்துக்கு இணங்கும் கால்-80 (Gal80) புரதத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவார்கள். 18 டிகிரியில் கால்-80 தடுத்து நிறுத்தும்; 29 டிகிரிக்கு மாற்றினால் தடை நீங்கும். இதில் பலரும் இடறுவது கடிகாரத்தில். 18 டிகிரியில் வளர்ச்சிக்கு 25 டிகிரியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். 29-இல் அதைவிட விரைவு. 18 டிகிரியில் 24 மணி நேரம் இருந்த கூட்டை ஒரு நாள் ஆன கூடு என்று எழுதினால், நரம்பிழை மூளையைத் தொடும் முன்பே மரபணுவை மாற்றியிருப்பீர்கள். கண், சிறகு ஆகியவற்றின் நிற மாற்றத்தை அடையாளமாக வைத்துப் பருவத்தைச் சொல்லுங்கள், மணி எண்ணை அடைப்புக்குறிக்குள் வெப்பநிலையோடு சேர்த்து எழுதுங்கள். வெப்பம் மாற்றாத உடன்பிறப்புகளையும், கால்-80 இருந்தும் இயக்க மரபணு இல்லாமல் 29 டிகிரிக்கு மாற்றிய உடன்பிறப்புகளையும் அதே நாளில் சோதியுங்கள். சூடே மோப்பத்தைக் குறைத்ததா என்பது அப்போதுதான் தெரியும்.

வெளிவந்த ஈக்களைத் தட்டில் சோதிக்க முடியாது, பறந்துவிடும். அவற்றுக்கு ஒய் வடிவக் கண்ணாடிக் குழாய்: ஒரு கிளையில் வாசனைக் காற்று, மறு கிளையில் வெறும் காற்று, எண்ணிக்கை அதே சூத்திரம். மூன்று முதல் ஐந்து நாள் வயதான ஈக்களை ஈரத் தாள் உள்ள குழாயில் ஓர் இரவு பட்டினி போட்டு ஓட்டுங்கள். இரு கிளையின் காற்றோட்டமும் சமமா என்று ஒவ்வொரு நாளும் முதலில் பார்த்துவிடுங்கள்.